பனி மூடிய விடுதியில் ஒரு சிறுவன்

உளவியல் மர்மப் புதினங்கள் என்றால் எனக்குத் தனி ஈர்ப்பு. தமிழாசிரியையின் கையில் மு.வ.வும் அகிலனும் இருந்தால் வியப்பாரில்லை, ஸ்டீபன் கிங் இருந்தால் மட்டும், "என்ன டீச்சர், பேய்க்கதையா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பேய் இருப்பது உண்மைதான். ஆனால் 1977இல் வெளிவந்த 'தி ஷைனிங்' புதினத்தை நான் இருமுறை படித்தது பேய்க்காக அன்று.

அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் ஒரு பெரிய தங்கும் விடுதி. குளிர்காலத்தில் பனி கொட்டிச் சாலைகள் அடைபடுவதால் விடுதியை மூடிவிடுவார்கள். அதைக் காவல் காக்க ஜேக் என்பவன் மனைவியோடும் ஐந்து வயது மகன் டேனியோடும் வந்து சேர்கிறான். கிங் 1974இல் அம்மாநிலத்தின் ஸ்டான்லி விடுதியில், அது குளிர்காலத்திற்காக மூடப்படவிருந்த வேளையில், மனைவியுடன் ஓர் இரவு தங்கினார். ஏறக்குறைய வேறு விருந்தினரே இல்லை. ஆளற்ற அந்த நீண்ட நடைக்கூடங்களிலிருந்துதான் கதை பிறந்தது.

ஜேக் ஒரு முன்னாள் ஆசிரியன். மாணவன் ஒருவனை அடித்ததால் வேலையை இழந்தவன். குடிப்பழக்கத்தை விட்டவன், முன்பொரு நாள் ஆத்திரத்தில் பெற்ற மகனின் கையையே முறித்தவன். எழுத்தாளராகப் புகழ்பெறுமுன் கிங்கும் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதாலோ என்னவோ, அந்தச் சினத்தின் படிப்படியான வளர்ச்சியை அவர் எழுதியிருக்கும் விதம் ஆசிரியர் எவரையும் சற்று நிமிர்ந்து உட்கார வைக்கும். 1980இல் வந்த குப்ரிக்கின் திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்கள் இதை இழந்துவிட்டார்கள் என்றே கூறுவேன். அங்கே ஜேக் தொடக்கத்திலேயே பித்தன்போல் தோன்றுகிறான். புதினத்திலோ அவன் மகனை உயிராய் நேசிக்கும் தந்தை. இறுதியில்கூட ஒரு கணம் தன்னுணர்வு பெற்று, மகனைத் தப்பியோடச் சொல்கிறான்.

டேனிக்குப் பிறர் மனத்தில் ஓடுவதை உணரும் ஆற்றல் உண்டு. தொடக்க அத்தியாயங்களில் அவன் சாலையோரத்தில் அமர்ந்து தந்தையின் காருக்காகக் காத்திருக்கிறான். விடுதியில் தீங்கு காத்திருப்பதை அவன் அங்குப் போகுமுன்பே அறிவான். ஆயினும் போக வேண்டாமென்று சொல்வதில்லை. இந்த வேலையும் போனால் தந்தைக்கு வேறு கதியில்லை என்பதும் அவனுக்குத் தெரியுமே! பனி பெய்யத் தொடங்குமுன்பே அந்தப் பிள்ளை தனிமைப்பட்டுவிட்டான். பெற்றோர் இருவரும் அருகில் இருந்தும், அவர்கள் மேலுள்ள அன்பே அவன் வாயை அடைத்துவிடுகிறது. தொலைபேசிக் கம்பி அறுவதும் பனி ஊர்தி பயனற்றுப் போவதும் எனக்கு இரண்டாம் நிலை அச்சங்களே.

இரண்டாம் முறை இதைப் படித்தது 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில். பள்ளிகள் மூடியிருந்தன. இயங்கலை வகுப்பில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்கெல்லாம் கிசுகிசுத்த குரலில் விடை சொல்வான். அவன் பக்கத்தில் கதவு திறக்கும் ஓசை கேட்டால் போதும், ஒலிவாங்கி உடனே அடைபடும். வீட்டிற்கு அழைத்தபோது, "ஒன்னும் இல்ல டீச்சர், நல்லாத்தான் இருக்கான்," என்றார் அவன் தாயார். குரலில் களைப்பு தெரிந்தது. வாரத்திற்கு இருமுறை, வீட்டுப்பாடத்தைச் சாக்காக வைத்து, அவனை அழைத்துப் பேசத் தொடங்கினேன். பேச்சு பெரும்பாலும் அவன் வளர்த்த பூனையைப் பற்றியே இருக்கும்.

ஜூலையில் பள்ளி திறந்தது. ஒரு வாரம் கழித்து, ஓய்வு நேரத்தில், சிற்றுண்டிச்சாலைக்குப் போகாமல் என் மேசையருகே வந்து நின்றான்.

"அப்பாவுக்கு வேல போயிருச்சு டீச்சர். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அப்பா பாவம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை அமரச் சொன்னேன். அன்றே ஆலோசக ஆசிரியரிடமும் பேசினேன். அதற்குமேல் அக்குடும்பத்தைப் பற்றி இங்கு எழுதுவது முறையன்று. பூனை குட்டி போட்டதாக மட்டும் அடுத்த வாரம் தெரிவித்தான், மூன்று குட்டிகளாம்.