கொண்டல் பக்கத்துத் தீவுகள்

பாஸ்டன் போன்ற வடபுல நகரங்களில் வாழ்பவர்களுக்கு நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு ஓர் எல்லைக்கோடு. அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டு வந்து வாசலில் நின்றுவிடும். அதன் பிறகு அலுவலகத்தில் ஒவ்வொருவர் வாயிலும் ஏதேனும் ஒரு வெப்பத் தீவின் பெயர் இருக்கும். எங்கள் வீட்டில் இந்த ஆண்டு அந்தப் பெயர் மார்த்தினிக். கடற்கரை விடுதியில் ஒரு வாரம் படுத்துக் கிடக்கும் உத்தேசம் இல்லை. தீவின் தென்முனையில் உள்ள ல மரின் துறையில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, டொமினிக்கா வழியாக வடக்கே குவாதலூப் வரை ஏழு நாட்கள் செல்ல வேண்டும் என்பது திட்டம். சார்லஸ் ஆற்றில் இரண்டு கோடைகாலம் சிறுபடகு ஓட்டிப் பழகியது மட்டுமே என் தகுதி. ஆகவே படகோடு அனுபவமுள்ள ஒரு மாலுமியையும் சேர்த்தே அமர்த்துகிறோம். நானும் மனைவியும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனும்தான் பயணிகள்.

திட்டமிடுவது என்றால் என்ன? விலையையும் விடுமுறை நாட்களையும் பார்ப்பது என்றே நினைத்திருந்தேன். கடற்படங்களையும் வழிகாட்டி நூல்களையும் மேசையில் விரித்த பிறகு, முதலில் கேட்க வேண்டியது காற்றை என்று தெரிந்தது. அந்தத் தீவுகளின் பெயர்களே காற்றிலிருந்து வந்தவை. ஆங்கிலேயர் இவற்றைக் காற்றுமுகத் தீவுகள், காற்றுமறைவுத் தீவுகள் என்று பிரித்தார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ‘காற்றின் தீவுகள்’ என்று பெயரிட்டார்கள். ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அட்லாண்டிக்கைக் கடந்து வீசும் இந்தக் காற்றுக்கு நம் பள்ளிப் பாடநூல் தந்த பெயர் வியாபாரக் காற்று. ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கோ தொடக்கத்தில் வியாபாரத்தோடு தொடர்பில்லை. மாறாத தடம் என்பதே அதன் பழைய பொருள். நம்மிடம் கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் கொண்டல் என்று அழகான பெயர் இருக்கிறது. வாடை, தென்றல், கோடை மூன்றையும் கவிஞர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கொண்டலை மீனவர்களுக்கு விட்டுவிட்டார்கள் என்று எனக்கொரு சிறு மனக்குறை உண்டு.

பருவத்தைப் பொறுத்தவரை விதி எளிது. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி டொமினிக்காவின் மலைக்காடுகளை ஓரிரவில் மொட்டையாக்கியது. 2024இல் பெரில், பருவம் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த ஜூலை முதல் தேதியன்று, தெற்கே கரியக்கூ தீவைச் சிதைத்தது. டிசம்பர் நடுவிலிருந்து அந்த அச்சம் இல்லை. ஆனால் அப்போது ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்று மாலுமிகள் அழைக்கும் பலத்த கொண்டல் கிளம்பும். சில வாரங்களுக்கு 25, 30 நாட் வேகத்தில் விடாமல் வீசும். பிப்ரவரியில் பெரும்பாலும் அது 15 முதல் 20 நாட்டுக்குத் தணிந்துவிடும் என்கிறார்கள்.

படகைத் தெற்கிலிருந்து வடக்கே செலுத்தினால் காற்று எப்போதும் வலப்பக்க விலாவில் இருக்கும். பாய்மரத்துக்கு அதைவிட உவப்பான நிலை இல்லை. எதிர்க்காற்றில் நேராகப் போகவே முடியாது. வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். பின்காற்றோ தூளியாட்டி வயிற்றைப் புரட்டும். பக்கக்காற்றில் படகு ஒருபுறம் சாய்ந்து, தண்டவாளத்தில் ஏறியதுபோல ஓடும். ஒரு சிக்கல் உண்டு. 1,397 மீட்டர் உயரமுள்ள பெலே எரிமலையும், அதைவிடச் சற்று உயர்ந்த டொமினிக்காவின் மலைகளும் காற்றை மறித்துவிடும். தீவின் மேற்குக் கரையோரம் போகையில் பாய் துவண்டு தொங்கும். இயந்திரத்தைப் போட்டு நகர வேண்டும். தீவு முடிந்து இரு தீவுகளுக்கிடையே உள்ள கால்வாய் திறக்கும் இடத்தில், மூடியிருந்த கதவைத் திறந்ததுபோல் காற்றும் அலையும் ஒன்றாக மோதும். அந்த முனைகளைக் காலையிலேயே கடந்துவிடுமாறு எங்கள் மாலுமி கடிதத்தில் எழுதியிருந்தார்.

இத்தனை தீவுகள் இருக்க ஏன் இவை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெருங்கூட்டம் போவது வர்ஜின் தீவுகளுக்குத்தான். அங்கே தூரங்கள் குறைவு, கடல் அமைதி. நான் மார்த்தினிக்கைக் கேட்டதற்குக் காரணம் ஒரு கப்பல். 1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் சேர்த்தார்கள். ‘ஒரேலி’ என்ற பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, தென் அட்லாண்டிக்கின் காற்றைப் பிடித்து, முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை 1853 மே 6 அன்று மார்த்தினிக்கின் சென் பியேர் துறையில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், குவாதலூப்பின் புவான்ந்தாப்பீத்தர் துறையை அடைந்தது. இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஒப்பந்தக் கப்பல் அது. பின்வந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு நாற்பதாயிரத்துக்கும் மேலானோரும், மார்த்தினிக்குக்கு இருபத்தைந்தாயிரம் பேர் அளவிலும் போனார்கள். திரும்பி வந்தவர்கள் சிறுபான்மையினரே. நான் விலாவில் வாங்கி மகிழப்போகும் கொண்டல் அவர்களுக்கும் வீசிய காற்று.

இவர்களைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது மிகக் குறைவு. பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்தது அந்தக் கப்பல்கள் புறப்பட்ட புதுச்சேரியில். ஆயினும் கரும்புத் தோட்டத்துப் பெண்களை அவர் பாடியபோது அவர் மனக்கண்ணில் இருந்தது ஃபிஜி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் அரசு பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் அனுப்புவதை 1888இலேயே நிறுத்திவிட்டது. அவர் அங்கே வந்து சேர்ந்தபோது துறைமுகத்தில் அந்த நினைவு எந்த அளவுக்கு உயிரோடிருந்திருக்கும்! மறுகரையின் பெருங்கவிஞர் எமே செசேர் 1913இல் பிறந்தது மார்த்தினிக்கின் வடக்கே பாஸ் புவான்த் என்ற ஊரில். இந்தியத் தொழிலாளர் செறிந்திருந்த தோட்டப் பகுதி அது. அவரது புகழ்பெற்ற நெடுங்கவிதையில் இந்து மனிதனுக்கும் ஓரிடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அவன் ஊர் கல்கத்தா என்கிறார். காரைக்காலின் பெயர் அங்கேயும் விடுபட்டுப்போனது. குவாதலூப்பில் பிறந்து 1960இல் நோபல் பரிசு பெற்ற சென் ஜான் பெர்ஸோ, தன்னை வளர்த்த இந்தியச் செவிலி இரகசியமாகச் சிவனின் பூசாரிணியாக இருந்தவள் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார். கவிஞர்கள் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆகவே டிசம்பர் 24 அன்று புவான்ந்தாப்பீத்தர் துறைக்குள் படகில் நுழைய வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த வாரத்தில் வாடகை உச்சத்தில் இருக்கும், காற்றும் முரடாக இருக்கும். பரவாயில்லை என்று கணக்கெல்லாம் போட்டு முடித்தேன். மனைவி கணக்குத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடலுக்கு வரமாட்டேன்னு சொல்லலை. அந்த வாரம் மட்டும் வேணாங்க” என்றாள்.

அவள் நாகப்பட்டினத்துக்காரி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போன அவளுடைய சித்தியை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த காலை அது. திருமணமான நாளிலிருந்து நாங்கள் கடற்கரைக்குப் போகாமல் இல்லை. அவள் மணலில் உட்கார்ந்திருப்பாள். நானும் மகனும் நீரில் இறங்குவோம். அதைப்பற்றி யாரும் எதுவும் பேசியதில்லை.

இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தேதிகள். ஒன்று நான் நூல்களில் படித்து எடுத்துக்கொண்டது. மற்றொன்றை அவள் எடுத்துக்கொள்ளவில்லை, அது வந்து சேர்ந்தது. பயணம் பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிப்போனது. ஒரேலியின் நினைவுநாளுக்கு அந்தத் தீவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். பாஸ்டனிலிருந்து நான் போய்த்தான் ஆகவேண்டும் என்றில்லை.

தேதி மாறியதைத் தொலைபேசியில் சொன்னபோது மாமனார் வேறொன்றைக் கேட்டார். “மாப்பிள்ளை, அந்தக் காலத்துல கப்பலேறிப் போனவங்க நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துக்காமப் போயிருக்க மாட்டாங்களே. அங்க அவர் பேரு இருக்கா?”

இருக்கிறது. கடலில் ஓட்டை விழுந்த கப்பலைத் தன் கண்ணாடியால் அடைத்துக் காத்தார் என்று ஷாகுல் ஹமீது ஆண்டவரைப் பற்றி நாகூரில் சொல்வார்கள். கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் வரும். மார்த்தினிக்கில் மாரியம்மன் ‘மாலியெமென்’ ஆனாள். மதுரைவீரன் பெயர் திரிந்து அவள் அருகில் நிற்கிறான். அவர்களுக்குப் பக்கத்திலேயே ‘நாகூர்மிரா’வுக்குக் கொடிக்கம்பம் நடுகிறார்கள். கடலைக் கடத்திக் கரைசேர்த்தவர் என்பதால் அவருக்கு அந்த இடம். எந்த மதத்தவர் என்ற கேள்வி அந்தக் கப்பலில் எழுந்திருக்க வாய்ப்பில்லை. மாமனார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கம்பத்தைப் படம் எடுத்து அனுப்புங்க” என்றார்.

மற்ற ஏற்பாடுகள் சலிப்பூட்டுபவை. இந்தத் தீவுகள் பிரான்சின் பகுதிகளே ஆனாலும் ஷெங்கன் வட்டத்துக்குள் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நாங்கள் இருவரும் தீவுகளின் பெயர் குறித்த விசாவைத் தனியே வாங்க வேண்டும். நடுவில் உள்ள டொமினிக்கா வேறு நாடு. அங்கே மஞ்சள் கொடி ஏற்றிச் சுங்கத்தாரிடம் தாள்களைக் காட்ட வேண்டும். மளிகைப் பட்டியலிலிருந்து மசாலாப் பொடியை மனைவி அடித்துவிட்டாள். ‘கொலம்போ’ என்ற பெயரில் மல்லியும் மஞ்சளும் கடுகும் சேர்ந்த பொடி அங்கே எல்லாக் கடைகளிலும் விற்கிறதாம். குழம்புப் பொடிக்கு ஒரு தலைநகரத்தின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இருக்கக்கூடும். எனக்கு அது குழம்பு என்ற சொல்லாகவே கேட்கிறது.

முதல் நாள் லெ தியமான் பாறையைச் சுற்றிப் போகிறோம். 1804இல் ஆங்கிலேயர் அந்தக் கடற்பாறையைப் பிடித்துப் பீரங்கிகளை ஏற்றி, அதையே ஒரு போர்க்கப்பலாகத் தம் கடற்படைப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். எதிரே கரையில் ஆன்ஸ் கஃபார். 1830 ஏப்ரலில், சட்டம் தடுத்த பின்னும் அடிமைகளை ஏற்றிவந்த ஒரு கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. அதன் நினைவாக 1998இல் பதினைந்து வெண்சிலைகளை நிறுத்தினார்கள். தலை கவிழ்ந்து, 110 பாகையில், கினி வளைகுடாவை நோக்கி நிற்கின்றன. இரண்டாம் இரவு சென் பியேர். 1902 மே 8 அன்று பெலே எரிமலை சில நிமிடங்களில் சுமார் 28,000 பேரோடு அந்த நகரத்தை எரித்தது. துறையில் நின்ற கப்பல்கள் இன்னும் அடியில் கிடக்கின்றன. ஒரேலியின் பயணிகள் இறங்கியதும் இங்கேதான். கரையை ஒட்டிய மேடு சட்டென ஆழத்தில் இறங்குவதால், நங்கூரமிட ஒரு குறுகிய பட்டையே உண்டு. குவாதலூப்பை அடைந்ததும் படகை ஒப்படைத்துவிட்டு, ஒரு நாள் கப்பேஸ்தேர் பெல்லோ செல்கிறோம். சாங்கி கோயில் அங்கிருக்கிறது. இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை கேட்டு 1904இல் தொடங்கி 1923 வரை போராடி வென்ற ஆன்ரி சிதம்பரம் பிறந்த ஊரும் அதுவே.

இதையெல்லாம் ஓர் அட்டவணையாக எழுதி மேசையில் வைத்திருந்தேன். தேதி, புறப்படும் இடம், சேரும் இடம், கடல் மைல். மனைவி அதில் ஐந்தாவதாக ஒரு கட்டம் வேண்டுமென்றாள். ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு நாம் எங்கே இருப்போம் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். அலை வந்தது ஏறத்தாழ அந்த நேரத்தில். பிப்ரவரியானாலும் ஒன்பது மணி ஒன்பது மணிதான்.

“ஆழ்கடல்ல நின்னவங்களுக்கு அன்னிக்கு ஒண்ணுமே தெரியலையாம். கரைக்கு வந்த பிறகுதான் பார்த்தாங்களாம்” என்றாள் மகனிடம்.

கடற்படத்தைப் பார்த்து அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்புவது அவன் பொறுப்பு. முதல் நாள்: ல மரின், கட்டுத்துறை. இரண்டாம் நாள்: நங்கூரத்தில், ஆழம் ஐந்து மீட்டர். அதை அவள் அழித்துவிட்டு, ஒன்பதுக்கு முன்பே கிளம்ப முடியுமா என்று மாலுமியிடம் கேட்கச் சொன்னாள். மூன்றாம் நாள்: மார்த்தினிக்குக்கும் டொமினிக்காவுக்கும் நடுவே, ஆழம் பல நூறு மீட்டர். அதை அவள் மாற்றவில்லை.