டால்பினும் கப்பலும் கேட்கும் ஒரே ஆழம்

பீகாரில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரை சுமார் 60 கிலோமீட்டர் கங்கை, 1991 முதல் விக்ரமசிலா டால்பின் சரணாலயம். அங்கே போகும் தமிழர்கள் இரண்டு நம்பிக்கைகளோடு போகிறோம்: டால்பின் என்றால் துள்ளும், கங்கை என்றால் கரைபுரளும். இரண்டும் பொய்க்கும். மீனவர்கள் ‘சூன்ஸ்’ என்றழைக்கும் இந்த உயிர், மூச்சுவிட வந்து சாம்பல் முதுகை ஒரு நொடி காட்டிவிட்டு அமிழ்ந்துவிடும். கங்கையோ கோடையில் மணல்திட்டுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும். காவிரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதல்ல. துள்ளாததை விட்டுவிடலாம், இந்த ஒடுக்கத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

கோடையில் ஆழம் மிஞ்சுவது ஆற்றின் சில தடங்களில்தான். டால்பினுக்கும் அது வேண்டும், சரக்குக் கப்பலுக்கும் அதுவே வேண்டும். ஹால்தியாவிலிருந்து அலகாபாத் வரை 1,620 கிலோமீட்டர் நீளும் தேசிய நீர்வழி 1, 1986-லேயே அறிவிக்கப்பட்டது. சரணாலயம் முழுவதும் அந்த வழியில் கிடக்கிறது. 2009-இல் இதே டால்பினை தேசிய நீர்வாழ் விலங்கு ஆக்கினோம். பட்டம் கொடுப்பதில் நமக்குக் குறையே இருந்ததில்லை. இந்த டால்பினின் கண்ணில் லென்ஸ் கிடையாது. ஒலியெழுப்பி, எதிரொலி கேட்டே இரை தேடுகிறது. இன்ஜின் இரைச்சல் அதற்குக் கண்ணில் தூவிய மண். ஆழமிருந்தால் விலகிப் போகலாம். கோடையில் எங்கே விலகுவது?

லாரியைவிடக் கப்பலுக்கு டீசல் குறைவு என்பார்கள். உண்மைதான். மழைக்காலத்தில் ஓடட்டுமே, வற்றிய மாதங்களில் ஆற்றைத் தூர்வாரித் தூர்வாரி ஓட்டுவதில் எவ்வளவு சிக்கனம் மிஞ்சும்? வலைதான் டால்பினைக் கொல்கிறது என்பது அடுத்த வாதம். வலையில் டால்பின் சிக்கிச் சாவதும், அதன் எண்ணெயை மீனுக்குத் தூண்டிரையாக ஊற்றியதும் மறைக்கக்கூடியவை அல்ல. ஆனால் ஃபரக்கா தடுப்பணை 1975-இல் இயங்கத் தொடங்கியபின் கடலிலிருந்து ஏறிவரும் ஹில்சா மீன் இங்கே அருகிவிட்டது. மிஞ்சிய மீனைத் தேடி வலையும் அதே மடுவுக்குத்தான் வருகிறது. ஓடும் ஆற்றுக்கே ஜமீன்தாரிடம் குத்தகை கட்டி வந்த இந்த மீனவர்கள், 1982-இல் கஹல்காவில் ‘கங்கா முக்தி ஆந்தோலன்’ (கங்கை விடுதலை இயக்கம்) தொடங்கிப் போராடியவர்கள். அவர்களோடு பேசி வலையை மாற்ற முடியும். கப்பல் போக்குவரத்தோடு யார் பேசுவது?

2021 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பில் இந்திய ஆறுகளில் 6,327 டால்பின்கள். பிறகென்ன கவலை என்றும் கேட்கலாம். சரக்குக் கப்பல்கள் நிறைந்த சீனாவின் யாங்ட்ஸே ஆற்றிலும் ஒரு டால்பின் இனம் இருந்தது. 2006-இல் வாரக்கணக்கில் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அங்கே வலைக்கும் பெரும்பங்கு உண்டு, ஆனால் வலையும் கப்பலும் சேர்ந்த ஆறு அது. ஆகவே கோடையில் சரணாலயத்துக்குள் கப்பல்களின் எண்ணிக்கைக்கும் வேகத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும். வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் மோட்டார் படகை விட்டுத் துடுப்புப் படகைக் கேட்கலாம், படகோட்டிக்கும் பிழைப்பு.