எவர்சில்வர் கைவிட்ட கதை

வேலைக்குச் சேர்ந்த புதுசு. கடலோரத்துல ஒரு ஆலை. 80 டிகிரி வெந்நீர் போற குழாய்க்கு என்ன உலோகம் போடலாம்னு கேட்டாங்க. "304 ஸ்டெயின்லெஸ் போடுங்க, துருவே பிடிக்காது"ன்னு ஜம்பமா கையெழுத்துப் போட்டேன். வீட்டு எவர்சில்வர் டம்ளர் கொடுத்த தைரியம்தான்!

நாலு வருஷம் கழிச்சு ஒருநாள் காலையில குழாய் பிளந்து வெந்நீர் பீய்ச்சியடிச்சது. பக்கத்துல நின்ன ஃபிட்டர் அண்ணனுக்குக் கை முழுக்கக் கொப்புளம்.

இன்சுலேஷனைப் பிரிச்சா, உள்ளே மழைத்தண்ணி ஊறிக் கிடக்கு. அதோட கடல்காத்து உப்பும் சேர்ந்து, சூட்டுல சுண்டி, குழாய் மேல தலைமுடி மாதிரி கிளை கிளையா விரிசல். தடிமன் அளந்தா மட்டும் புதுக்குழாய் கணக்கா காட்டுது!

குளோரைடு, சுமார் 60 டிகிரிக்கு மேல சூடு, வெல்டிங் விட்டுட்டுப் போன இழுவிசை. இந்த மூணும் கூடினா 304 இப்படித்தான் சொல்லாமக் கொள்ளாம விரியும். சாதா இரும்புன்னா மெல்ல மெல்லத் தேயும், அளந்தா தெரிஞ்சிடும். டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் இன்னும் நல்லாத் தாங்கியிருக்கும். குறைஞ்சபட்சம், இன்சுலேஷனுக்கு அடியில குழாய்க்குப் பெயிண்டாவது அடிச்சிருக்கணும்.

"எவர்சில்வர், ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே சார்?" கைக்கட்டோட அண்ணன் கேட்டார். கோபமே இல்லாம.

இன்னிக்கும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்தக் குரல் கேட்குது.