லாரிக்காரருக்கு எது ஊர்?

எங்க மச்சான் பட்டாசு லோடு ஏத்திக்கிட்டு வடக்கே போனா, திரும்ப ஒரு மாசம் ஆயிரும். சமையல், தூக்கம் எல்லாம் லாரியிலதான். சீட்டுக்குப் பின்னால ஸ்டவ், ஊறுகாய் பாட்டில், சாமி படம். வண்டி நம்பர் மட்டும் நாகாலாந்து! முதலாளிக்கு அங்க செலவு கம்மியாம். 

வண்டிக்கு ஊர் மாத்தலாம். ஆளுக்கு? 2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவம் வந்தப்ப மச்சான் இந்தூர் பக்கம். தாயில்பட்டி வீட்ல அக்காதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா. தற்காலிகமா வெளிய இருக்கிறதாலயே, பட்டியல்ல பேர் இருக்கத் தேவையான குடியிருப்பு போயிராதுன்னு 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20ஆவது பிரிவுல இருக்கு. ரோட்டுலயே குடித்தனம் நடத்துற டிரைவர் அண்ணன்மாரே, பட்டியல்ல பேர் இருக்கான்னு ஒருதரம் பாத்துக்கங்க.