கரண்ட் போகும் நொடி

கோவை கணபதிப் பக்கம் உள்ள அந்தப் பேட்டர்ன் பட்டறையில் ஒரே இயந்திரத்தின்மேல் மூன்று புகார்கள் இருந்தன. வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பலகையில் குழி விழுகிறது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகு ஸ்பிண்டில் ஒரு முறை சுழன்று அடங்குகிறது. எப்போதாவது, கரண்ட் திரும்பி வந்தபின் வெட்டுகிற உருப்படி சிறுத்துப்போகிறது. ஓடும்போது அந்த சி.என்.சி. ரூட்டரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அணையும்போதுதான் எல்லாம்.

பட்டறைக்காரர் பரம்பரையாக மர வேலை செய்கிறவர். பம்பு, மோட்டார் உடல்களை வார்க்கும் பவுண்டரிகளுக்கு மரத்திலும் எம்.டி.எஃப். பலகையிலும் மாதிரி செய்து கொடுக்கிறார். அதை மணலில் பதித்து எடுத்தால் விழும் பள்ளத்தில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்துக் கோடு போட்ட தனி ஸ்கேல் அவரிடம் இருக்கிறது. அதில் உள்ள நூறு, கடை ஸ்கேலின் நூற்றியொன்று. அளவில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பவுண்டரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்திலேயே வளர்ந்த தொழில் இது.

கடைகளில் விற்கும் ரூட்டர் வாங்கப் பணம் போதாமல், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்த மருமகனை, அதாவது அக்கா மகனை வைத்து இதைக் கட்டினார்கள். சேனல் இரும்பில் சட்டம், மூன்று ஸ்டெப்பர் மோட்டார், பால் ஸ்க்ரூ, நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றும் ஸ்பிண்டில், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்ட ஒரு வி.எஃப்.டி. மூளை என்று சொன்னால் ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டு. அதில் ஓடுவது கிர்பில் என்ற இலவச மென்பொருள். நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் தொடங்கியது. 32 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கும் அந்த நிரலை நம்பி உலகெங்கும் எத்தனையோ சிறு பட்டறைகள் நடக்கின்றன. மூலநிரலைத் திறந்து வைத்தவர்களுக்கு இந்தப் பட்டறை கடன்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முதல் துப்பு, பட்டறையில் பட்டி பூசித் தேய்க்கும் தொழிலாளி அக்காவிடமிருந்து வந்தது. அவர் உட்காரும் இடம் கண்ட்ரோல் பெட்டிக்கு ஒட்டினாற்போல. "சிவப்புப் பொத்தானை அமுக்குனா சத்தமே வராதுங்க. மெயினை அணைச்சா மட்டும் டொக்குனு ஒண்ணு, பின்னாடியே இன்னொண்ணு. அந்நேரத்துக்குக் கையை உட்டுத் தூசி தட்டறது நான்தானுங்களே" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

இதைவிடத் துல்லியமாக ஒரு பொறியாளரும் கோளாறை வகுத்துச் சொல்லியிருக்க முடியாது. சிவப்பு அவசரப் பொத்தான் மோட்டார் சப்ளையையும் வி.எஃப்.டி.யையும் மட்டும் வெட்டுகிறது. அப்போது ஆர்டுயினோவுக்கு 5 வோல்ட் குறையாமல் இருக்கிறது. மெயினை அணைத்தால் அதுவும் சேர்ந்து சாகிறது. அப்படியானால் குற்றம் அந்த 5 வோல்ட் சாகும் விதத்தில் இருக்கிறது.

முன்பு பார்த்துவிட்டுப் போன ஒரு மெக்கானிக், மோட்டார் சப்ளையின் கெப்பாசிட்டரில் மிச்சம் நிற்கும் கரண்ட்தான் காரணம் என்று சொல்லி அதன் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் போட்டிருந்தார். 36 வோல்ட், 10,000 மைக்ரோபாரட், அதற்கு ஒரு கிலோ ஓம். கை வைக்கிறவருக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் அந்த ரெசிஸ்டர் வோல்டேஜை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கவே பத்து வினாடி ஆகும். அக்கா கேட்ட டொக் டொக் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுகிற சங்கதி. மல்டிமீட்டரிலும் அது சிக்காது.

மருமகன் தனக்குத் தெரிந்த பாலிடெக்னிக் ஆசிரியரிடம் இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப் இரவல் வாங்கி வந்திருந்தார். ஒரு முனை ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில், மற்றது ஸ்பிண்டில் ரிலேக்குப் போகும் சிக்னல் ஒயரில். வோல்டேஜ் இறங்கும் கணத்தில் திரை ஒரு முறை பதிந்து உறையும்படி வைத்துவிட்டு மெயினை அணைத்தார். முதல் கோடு செங்குத்தாக விழவில்லை, சரிவாக இறங்கியது. ரிலே சிக்னலும் அதோடு கூடவே இறங்கியது. டொக்.

அவர்கள் வாங்கிய ரிலே போர்டு, சிக்னல் தாழ்ந்தால் ஒட்டும் வகை. விலை மலிவான போர்டுகள் பெரும்பாலும் அப்படித்தான். அதற்குக் கரண்ட் தனி அடாப்டரிலிருந்து வந்தது. ஆர்டுயினோவின் அடாப்டர் கூடவே ஒரு காற்றாடியையும் எல்.இ.டி. விளக்கையும் சுமந்ததால் முதலில் செத்தது. செத்த போர்டின் சிக்னல் முனை பூஜ்யத்துக்கு வர, உயிரோடு இருந்த ரிலே அதை 'ஸ்பிண்டிலை ஓட்டு' என்று எடுத்துக்கொண்டது. வி.எஃப்.டி.க்குள் 300 வோல்ட்டுக்கு மேல் இன்னும் தேங்கி நின்றது, ஓட்டியது. தன் அடாப்டரும் தீர்ந்ததும் ரிலே விட்டது. இரண்டாவது டொக்.

சிறுத்துப்போகும் உருப்படிக்கு வேறு கதை. "மனுசன் கணக்கு நூத்துக்கு ஒண்ணு. இது நூத்துக்கு இருவத்திரண்டு தின்னுபோட்டுது" என்று பட்டறைக்காரர் ஒரு வீணான மாதிரியை எடுத்துக் காட்டினார். 100 மில்லிமீட்டர் வரவேண்டிய இடத்தில் 78 சொச்சம். மருமகன் அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. இந்த இயந்திரம் ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டாருக்கு 320 துடிப்பு. கிர்பில் தன் அமைப்புகளை இழந்தால் தானாக எடுத்துக்கொள்ளும் எண் 250. இரண்டையும் வகுத்தால் 0.78.

அமைப்புகள் ஏன் அழிந்தன? ஊனோவில் உள்ள ஏ.டி.மெகா 328 சில்லு 16 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காக வேலை செய்ய ஏறக்குறைய 3.8 வோல்ட் வேண்டும். ஆனால் போர்டு வரும்போதே, 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் நிறுத்திக்கொள் என்று வைத்து வருகிறது. இடைப்பட்ட ஒரு வோல்ட்டில் சில்லு ஓய்வதும் இல்லை, சொன்னதைச் செய்வதும் இல்லை. காய்ச்சல் கண்டவர் பிதற்றுவது போலக் கட்டளைகளை மாற்றிப் படிக்கிறது. அந்த வேளையில் நிரந்தர நினைவகத்தில் எழுத்து சிதையலாம் என்று சில்லைத் தயாரித்தவர்களின் ஏட்டிலேயே எச்சரிக்கை உண்டு. மின்வாரியம் சடாரென்று வெட்டினால் தப்பிக்கும். வோல்டேஜ் தள்ளாடி இறங்கும் நாளில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் 'எப்போதாவது'.

"மாமா, இது ஒரு வியாதி இல்லீங்க மாமா. மூணு" என்றார் மருமகன்.

இரண்டுக்கு அன்றைக்கே மருந்து கிடைத்தது. சில்லின் ஃபியூஸ் பிட்டை மாற்றி, நிறுத்திக்கொள்ளும் எல்லையை 4.3 வோல்ட்டுக்கு உயர்த்தினார். ரிலே போர்டைக் கழற்றிவிட்டு, சிக்னல் உயர்ந்தால் மட்டும் ஒட்டும் போர்டைப் போட்டார். நிரலிலும் அதற்கேற்ப மாற்றம். சிக்னல் ஒயரிலிருந்து தரைக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இனி ஆர்டுயினோ செத்தாலும், ஒயரே அறுந்தாலும், அந்த ரெசிஸ்டர் சிக்னலைத் தாழ்த்தியே வைத்திருக்கும், ஸ்பிண்டில் ஓடாது. வி.எஃப்.டி. பெட்டிக்குள் கைவைக்குமுன் ஒவ்வொரு முறையும் அதன் விளக்கு அணையக் காத்திருந்து, மீட்டரும் வைத்துப் பார்த்தார். அவசரப்படுத்திய மாமாவுக்கு அவர் பதிலே சொல்லவில்லை.

ரயிலில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870-களில் செய்ததும் இதே ஏற்பாடுதான். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். பெட்டி அறுந்து காற்று போனால் தானாகப் பிடிக்கும். இயந்திரத்தை ஓட வைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர். ஆனால் அது அணைகிற அரை வினாடியையும் ஒரு வேலையாக எண்ணி அமைக்க யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த அரை வினாடியில் யார் கை உள்ளே இருக்கிறதோ, அவரிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, குழி. ஸ்பிண்டில் தலையின் கீழே டயல் கேஜ் வைத்து மெயினை அணைத்தபோது முள் நகர்ந்தது. இதற்கும் சிக்னலுக்கும் தொடர்பே இல்லை. பால் ஸ்க்ரூவில் உராய்வு குறைவு. மோட்டாரில் கரண்ட் இருக்கும்வரை தலை நிற்கும், போனால் தன் எடையிலேயே திருகைச் சுழற்றிக்கொண்டு இறங்கும். கட்டர் வேகம் தணியாமல் சுற்றிக்கொண்டிருப்பதால் பலகையைத் தோண்டிவிடும். கரண்ட் இருந்தால் விட்டு, போனால் ஸ்பிரிங்கால் பிடிக்கும் பிரேக் வைத்த மோட்டார்தான் இதற்குச் சரி. அதன் விலையைக் கேட்டுப் பட்டறைக்காரர் சற்று யோசித்தார். இரண்டு பவுண்டரிகளிலிருந்து பாக்கி வரவேண்டியிருக்கிறதாம்.

அதுவரைக்கும் கார் டிக்கிக் கதவைத் தாங்கும் கேஸ் ஸ்பிரிங் இரண்டை இருபுறமும் பொருத்தித் தலையின் எடையைச் சமன் செய்யலாம் என்று முடிவாயிற்று. பிராக்கெட்டுக்கு அவரே பென்சிலால் அளவு குறித்தார், கடை ஸ்கேலை வைத்து. மருமகன் தலையைக் கழற்றி எடைபோடத் தராசு தேடிப் பக்கத்துப் பட்டறைக்குப் போனார்.