இறம்பொடைச் சரிவில் நின்ற வண்டி

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதை நம் நாட்டின் எழில்மிக்க பாதைகளுள் ஒன்று. பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என ஊருக்கு ஊர் உயர்ந்து, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவை அடைகின்றது. இருமருங்கும் தேயிலை பச்சைக் கம்பளம் விரித்திருக்கும். கீழே, 1985இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடாய் மின்னும். கண்ணுக்கு விருந்தளிக்கும் இப்பாதை வண்டிகளுக்கோ பெருஞ் சோதனை.

சித்திரை மாதத்தில் நாம் இவ்வழியே சென்றது நண்பர் ஒருவரின் எம்.ஜி.பி. காரில். இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பெற்ற விளையாட்டுக் கார் இனத்தைச் சேர்ந்தது அது. 1966இல் பிறந்த இவ்வண்டி நண்பருக்கு அவர் தந்தையார் விட்டுச்சென்ற செல்வம். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைக் காண அப்பெரியவர் இதிலேதான் செல்வாராம்.

ஆனால் வண்டியை ஒரு நோய் பற்றியிருந்தது. ஒரு நாள் திறப்பைத் திருகியதும் சிங்கம்போல் உறுமி எழும். மறுநாள் மரக்கட்டையாய்க் கிடக்கும். ஓராண்டுக்குள் புதிய பற்றறிகளும் புதிய ஸ்ராட்டர் மோட்டாரும் பூட்டப்பட்டன. பணம் கரைந்தது, நோய் கரையவில்லை. “இம்முறையும் வழியில் நின்றால் விற்றுவிடுவதே வழி” என்று நண்பர் சொல்லியே புறப்பட்டார்.

இறம்பொடை நீர்வீழ்ச்சியருகே தேநீர் அருந்தி மீண்டபோது வண்டி நின்றே விட்டது. திறப்பைத் திருகினால் ‘சொட்’ என்றோர் ஒலி, அதற்குமேல் அசைவில்லை. மாலை மயங்கியது, மலையிலிருந்து மூடுபனி இறங்கலாயிற்று. கூடினோர் ஆளுக்கொரு காரணம் கூறினர். உயரத்தில் காற்று மெலிவதே காரணமென்றார் ஒருவர். பெற்றோல் கொதித்து ஆவியாகிவிட்டதென்றார் மற்றொருவர்.

இவ்விரண்டும் உண்மையிலேயே உள்ள குறைகள்தாம். ஆயினும் அவை இயந்திரம் சுழன்றும் பற்றாத நோய்க்கே காரணமாகும். நம் வண்டியோ சுழலவே இல்லை. சுழலாத நோய் வேறு, சுழன்றும் பற்றாத நோய் வேறு. முன்னது பெரும்பாலும் மின்னோட்டத்தின் குறை. பின்னது பெற்றோலினதோ தீப்பொறியினதோ குறை. இவ்வேறுபாட்டை முதலில் அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அப்பொழுது தேயிலைத் தோட்டத்து லொறி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய முதிய மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. “ஐயா, முன்விளக்கைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருகுங்கள்” என்றார். விளக்குகள் சிறிதே மங்கின, அணையவில்லை. “பற்றறிக்குப் பலம் இருக்கிறது. போகும் வழியில்தான் தடை” என்றார். பின்னர் இயந்திரத்தருகே குனிந்து, சோக் கம்பியைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்தார். “இது ஏன் ஐயா சுடுகிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. இவ்வண்டியில் ஆசனங்களின் பின்னே ஆறு வோல்ற்றுப் பற்றறிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஸ்ராட்டரை அடைந்த மின்னோட்டம் வண்டியின் உடல் வழியாகவே பற்றறிக்குத் திரும்ப வேண்டும். இயந்திரம் ரப்பர்த் தாங்கிகள்மீது அமர்ந்திருப்பதால், அதை உடலோடு இணைப்பது ஒரேயொரு பின்னிய செப்புப் பட்டி. அப்பட்டி பழுதானால் மின்சாரம் வேறு வழி தேடும். மெல்லிய சோக் கம்பி வழியே அது பாய்ந்தால் கம்பி சுடும். ஸ்ராட்டருக்கோ போதிய வலு கிட்டாது.

மாணவர்கள் ஓமின் விதியைக் கொண்டு இதனைக் கணித்துப் பார்க்கலாம். இயந்திரத்தைச் சுழற்ற 150 அம்பியர் வேண்டுமெனக் கொள்வோம். வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ற்று வீணாகிவிடும். முன்விளக்குகளுக்கோ சில அம்பியரே போதும். அவற்றின் மின்சாரம் இப்பட்டி வழியே திரும்புவதுமில்லை. ஆதலால் விளக்கு ஒளிர்ந்துகொண்டிருக்க, வண்டி உறங்கிக்கொண்டிருக்கும்.

நண்பரிடம் மின்னளவி இருந்தது. அதன் ஒரு முனையை இயந்திரத்தின் வெற்றிரும்பிலும் மறுமுனையை உடலிலும் வைத்துத் திறப்பைத் திருகினோம். அரை வோல்ற்றுக்குள் இருக்கவேண்டிய இடத்தில் 8 வோல்ற்றுக் காட்டியது! லொறிக்காரரின் தடித்த பற்றறிக் கம்பியால் இயந்திரத்தையும் உடலையும் இணைத்ததும் வண்டி முதல் திருகலிலேயே உறுமி எழுந்தது. கைம்மாறாக நாம் நீட்டிய பணத்தை அப்பெரியவர் வாங்க மறுத்து, இணைத்த கம்பியையும் நுவரெலியா வரை செல்லட்டுமென்று விட்டுச்சென்றார்.

மறுநாள் காலை வண்டியின் அடியில் பார்த்தபோது, துருவும் எண்ணெயும் படிந்து, நாலைந்து இழைகளே மிஞ்சிய பட்டி கிடைத்தது. இயந்திரம் ரப்பரின்மேல் அசையும் போக்குக்கேற்ப அது ஒருகால் தொடும், ஒருகால் விலகும். ஆகவேதான் நோயும் வந்து வந்து போயிற்று. செய்தவர்மீது குறையில்லை, அறுபது ஆண்டு மழையும் புழுதியும் செய்த வேலை அது. பட்டி பொருந்தும் இடங்களைப் பளபளக்கச் சுரண்டிப் புதுப்பட்டி பூட்டினோம். ஸ்ராட்டருக்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகவில்லை.

வந்து போகும் நோயுடைய வண்டி வைத்திருப்போர் ஒரு கொப்பியில் குறித்துவைத்தல் நன்று: வண்டி குளிர்ந்திருந்ததா, சூடாயிருந்ததா, ஒலி எழுந்ததா, விளக்கு மங்கியதா, எவ்வளவு நேரத்தில் மீண்டது. உறுப்புகளை ஒவ்வொன்றாய் மாற்றுவதற்கு முன், நோய் நிற்கும் வேளையிலேயே அதை அளந்து பார்க்கவேண்டும். அது மறைந்தபின் அளப்பதால் பயனில்லை.

பந்தயம் முடிந்து திரும்பும் வழியில் இறம்பொடையில் வேண்டுமென்றே மூன்று முறை வண்டியை நிறுத்தி மீண்டும் கிளப்பினார் நண்பர். விற்பனைப் பேச்சை அவர் பின்னர் எடுக்கவே இல்லை.