ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு டாக்டர்

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் எங்கே என்றால் யாரும் கை காட்டுவார்கள். ஆனால் அசல் ரிச்சி தெரு சின்னதுதான். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் தோளோடு தோள் இடி, ஸ்பீக்கர் சத்தம், ஸோல்டரிங் வாசனை. 'என்னா சார் வேணும்?' என்கிற எல்லோருக்கும் பதில் சொன்னால் தொண்டை கட்டிவிடும்.

நான் போனது மச்சானுக்காக. செங்கல்பட்டில் வீட்டுத் திண்ணையிலேயே டி.வி., இண்டக்ஷன் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவன். அவனுக்கு ஸ்டெதஸ்கோப் மாதிரி, கைக்கு அடக்கமான ஒரு காம்பொனென்ட் டெஸ்டர். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களை எப்படிச் செருகினாலும் சரி, ஒரு பட்டனைத் தட்டினால் எது பேஸ், கெயின் எவ்வளவு என்று ஜாதகமே சொல்லிவிடும். மார்க்கஸ் ஃப்ரெயெக் என்ற ஜெர்மன்காரர் ஆரம்பித்து, கார்ல் ஹைன்ஸ் குப்லர் மெருகேற்றிய கருவி. புரோகிராமை ஊருக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். சீனத் தொழிற்சாலைகள் பெட்டி பெட்டியாகச் செய்து தள்ளுகின்றன.

அந்த டெஸ்டர் திடீரென்று எதைச் செருகினாலும் 'தெரியாது' என்றது. திண்ணையில் மூன்று வீட்டு டி.வி. பாக்கி. "புதுசு வாங்க இப்ப கையில இல்ல மாமா" என்றான்.

முதல் கடையில், "தூக்கிப் போடுங்க சார், புதுசு தரேன்." இரண்டாவதிலும் அதே பாட்டு. மூன்றாவது கடை ஒரு பீரோ அகலம். உள்ளே இருந்த பெரியவர் மட்டும், "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

மல்டிமீட்டரை எடுத்தார். 9 வோல்ட் பேட்டரி சரி. அதை 5 வோல்ட்டாக இறக்கும் ரெகுலேட்டர் சரி. 680 ஓம் மூன்று, 470 கிலோ ஓம் மூன்று, ஆறு ரெஸிஸ்டரும் சரி. "சில்லுதான் அவுட். சார்ஜ் இறக்காத கெபாசிட்டரைச் செருகியிருக்காங்க."

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டி.வி.யின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட் வரை உட்கார்ந்திருக்கும். டெஸ்டரின் முனைகளோ நேரே சில்லுக்குப் போகின்றன. அது 5 வோல்ட் ஆசாமி. "60 வாட் குண்டு பல்பைக் குறுக்கே வெச்சு சார்ஜை இறக்கணும். மீட்டர்ல பூஜ்யம் பார்த்துட்டுத்தான் தொடணும். டெஸ்டர் போனா வாங்கிக்கலாம், ஆள் போனா?" என்றார்.

ஏ.டி.மெகா 328 சில்லு, 28 கால். நல்லவேளை, சாக்கெட்டில் இருந்ததால் நெம்பி எடுத்தால் போதும். "போர்டோட ஒட்டின மாடல்னா வீட்டுல தொடாதீங்க" என்றவர், புதியதை நீட்டி, "இது வெறும் மண்டை. மூளையை நீங்கதான் ஏத்தணும்" என்றார். விலை புது டெஸ்டரில் பாதிகூட இல்லை.

மூளையை ஏற்றியது பாலிடெக்னிக் படிக்கும் மச்சான் பெண். காலேஜ் பிராஜெக்டுக்கு வாங்கிய ஆர்டுயினோ போர்டு வழியாகப் புரோகிராமை இறக்கினாள். பிறகு மூன்று முனைகளையும் கம்பியால் சேர்த்துப் பட்டனை அமுக்கினாள். கருவி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு எழுந்தது. மூன்று டி.வி.யும் அந்த வாரமே வீடு திரும்பின.

ரிச்சி ஸ்ட்ரீட் போனால் 'என்ன வேணும்?' கடைகளைத் தாண்டி 'என்ன ஆச்சு?' கடையைத் தேடுங்கள். வாசலில் நாலு பேர் நின்றால் தயங்க வேண்டாம். அதில் மூணு பேர் மச்சானுக்காக வந்தவர்களாகத்தான் இருக்கும்.